நண்டுக் கம்பெனிக்கு வரும் மூன்று நாள் பயிற்சி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வேண்டாம் என்று சொல்லலாம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் நண்டுக் கம்பெனி, அதாவது நண்டுச் சதை எடுத்து டப்பாவில் அடைக்கும் கூடம், நடத்துகிறவர்களிடம் சுகாதாரப் பயிற்சி விற்க வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை புரொஜெக்டரும் சான்றிதழ்க் கட்டுமாக வந்து இறங்கும். இன்னொரு வகை வெறுங்கையோடு வந்து, ஒரு நாள் முழுக்கக் கூடத்தில் நின்று பார்த்த பிறகுதான் வாயைத் திறக்கும். இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு மூன்று நாள் சேவை. பெயர் போடவில்லை. தொழிலில் இருப்பவர்களுக்கு யாரென்று புரியும். தவிர, இதே சரக்கு அடுத்த சீசனில் வேறு பெயரிலும் வரும் என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே உபயோகம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் கொடுக்கும் காசு வீண்போகாது. மூன்றாம் நாள் கண்துடைப்பு. அந்தக் காசை இரண்டு மாதம் கழித்து அவர்கள் திரும்பி வருவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நண்டுச் சதை எடுக்கும் வேலையில் பயிற்சிக்கு ஏன் இவ்வளவு கனம் என்றால், அந்த வேலை முழுக்கக் கை வேலை. நண்டு வலை போடும் நாட்டுப்படகுகளும் விசைப்படகுகளும் கொண்டுவரும் நீலக்கால் நண்டு ஆவியில் வெந்து, ஆறி, மேசைக்கு வந்தபின் டப்பாவுக்குள் போகும்வரை அதைத் தொடுவது பெண்களின் விரல்கள்தான். வேகும்போது கிருமி செத்துவிடுகிறது. அதன்பின் சேர்வது பெரும்பாலும் கையிலிருந்தும் மேசையிலிருந்தும் சேர்வது. டப்பாவை மூடிய பிறகு மறுபடி வெந்நீரில் பாஸ்டரைஸ் செய்கிறோமே, அதில் எல்லாம் போய்விடாதா என்று கேட்கிற முதலாளிகள் உண்டு. போகாது. மூக்கிலும் ஆறாத புண்ணிலும் குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, வெதுவெதுப்பான சதையில் சில மணி நேரம் கிடைத்தால் நஞ்சைச் சுரக்கும். பாஸ்டரைஸ் சூட்டில் கிருமி சாகும், நஞ்சு அப்படியே நிற்கும். ஆகவே கையின் சுத்தத்தையும் சதையின் குளிர்ச்சியையும் மேசையிலேயே பிடித்தாக வேண்டும், பின்னால் சரிசெய்ய வழி கிடையாது.

மேசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. பத்து வருடமாக நண்டு உடைப்பவரிடம் கை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்டால் வந்திருக்கும் பயிற்சியாளரைவிடத் தெளிவாகச் சொல்வார். தெரிந்தும் செய்யாமல் இருப்பதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. புரொஜெக்டர் வகைப் பயிற்சி அதைத் தேடுவதில்லை. தெரியாததுதான் குறை என்று தானாக முடிவுகட்டி, தெரிந்ததையே இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போகும்.

முதல் நாள்: எண்ணிக்கை

இந்தச் சேவையின் முதல் நாளில் யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டு பேர் வருகிறார்கள். வேனிலிருந்து பெண்கள் இறங்கும் நேரம் தொடங்கிக் கடைசித் தட்டு எடைபோடும்வரை ஏப்ரன், தொப்பி, கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டு மேசை ஓரத்தில் நிற்கிறார்கள். முதலாளி அவர்களிடம் கொடுத்திருப்பது “எங்க ஆளுங்க சுத்தமா இல்ல” என்ற ஒற்றை வரிப் புகார். அதைக் கண்ணால் பார்த்து எண்ணக்கூடிய செயல்களாகப் பிரிப்பதுதான் அன்றைய வேலை. “சுகாதாரம் பேணுதல்” என்பதை யாராலும் எண்ண முடியாது. “டீ குடித்துவிட்டு மேசைக்குத் திரும்பும்போது சோப்புப் போட்டுக் கழுவி, குளோரின் தண்ணீரில் மணிக்கட்டுவரை கையை முக்குவது” என்பதை எண்ண முடியும்.

எண்ணும் முறையும் சரியாக இருக்கிறது. எத்தனை முறை கழுவினார்கள் என்று மொத்தமாகக் கணக்கெடுப்பதில்லை. கழுவ வேண்டிய வாய்ப்பு எத்தனை முறை வந்தது, அவற்றில் எத்தனையில் கழுவினார்கள் என்று இரண்டு பத்தியாகக் குறிக்கிறார்கள். தொப்பிக்குள் விரலை விடுவது, போனைத் தொடுவது, ஓட்டுக் கழிவுக் கூடையைத் தூக்குவது, மூக்கைத் தேய்ப்பது, டீ முடிந்து வருவது எல்லாம் தனித்தனி வாய்ப்பு. வெறும் எண்ணிக்கை ஏமாற்றிவிடும். வேலை தொடங்கும்போது எல்லாரும் ஒருமுறை ஒழுங்காகக் கழுவினால் கணக்கு அழகாகத் தெரியும். டீக்குப் பிந்தைய பத்து நிமிடத்தில் நடப்பது அதில் மறைந்துபோகும்.

மொத்தம் ஐந்து செயல்களுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. கை முக்குவது, சதைத் தட்டு ஐஸுக்குப் போகும் இடைவெளி, சதையில் ஓட்டுத் துணுக்கு கிடக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, கீழே விழுந்த கத்தியை என்ன செய்கிறார்கள், விரல் காயத்தைச் சொல்கிறார்களா மறைக்கிறார்களா. முதலாளிகள் இருபது வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். ஐந்தோடு நிறுத்துவது சரி. ஒரே சமயத்தில் இருபது பழக்கத்தை மாற்றும் மேசை எங்கும் கிடையாது.

பிறகு ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளில் போட்டுச் சலிக்கிறார்கள். தெரியாதா? தெரிந்தும் செய்ய வசதி இல்லையா? வசதி இருந்தும் செய்தால் நஷ்டமா? செய்தாலும் செய்யாவிட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லையா? முதல் கேள்விக்கு “ஆம்” வந்தால்தான் பயிற்சி. மற்ற மூன்றுக்கும் மருந்து வேறு. ஆளைத் திருத்தக் கிளம்புமுன் அவருக்குக் கிடைக்கும் தகவல், கருவி, ஊக்கம் மூன்றும் ஒழுங்கா என்று பார்க்கச் சொல்லி அமெரிக்கரான தாமஸ் கில்பர்ட் 1978-இல் ஒரு சட்டகம் கொடுத்தார். இது அதன் சுருக்கம்தான். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் பயிற்சி விற்பவர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. காரணம் வெளிப்படை: நான்கில் மூன்று பதில் “உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை” என்று முடியும்.

கை முக்கும் தொட்டியையே எடுத்துக்கொள்ளலாம். கைக்கு 20 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு 20 பங்கு) குளோரின் என்பது இந்தத் தொழிலில் வழக்கமான அளவு. 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் கரைசல்) கேனிலிருந்து 20 லிட்டர் தொட்டிக்கு 8 மில்லி ஊற்றினால் அது வந்துவிடும். கூடங்களில் நடப்பது “ஒரு மூடி ஊத்து” என்ற அளவை. மூடி 40 மில்லி பிடித்தால் தொட்டியில் இருப்பது 100 பிபிஎம், பாத்திரம் கழுவுகிற வீரியம். நண்டு ஓடு கீறிய விரலை அதில் விட்டால் எரியும். எரிகிற தண்ணீருக்குள் கையை விடச் சொல்லி எத்தனை வகுப்பு எடுத்தாலும் விரல் நுனியைத் தொட்டுவிட்டு ஓடத்தான் செய்வார்கள். இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. வெயில் படும் ஜன்னலோரம் வைத்த கேன் வீரியம் இழந்துவிடும். தொட்டியில் சதைத் துணுக்கும் அழுக்கும் சேரச் சேர அது குளோரினைத் தின்றுவிடும், பிறகு முக்குவது வெறும் தண்ணீரில். தண்ணீரின் காரத்தன்மையையும், அதாவது பிஎச் அளவையும், கவனிக்க வேண்டும். பிஎச் 7-இல் குளோரினில் முக்கால் பங்கு கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 8-இல் அது கால் பங்காகச் சுருங்கும். குளோரின் சோதனைத் தாள் இரண்டிலும் ஒரே நிறம்தான் காட்டும்.

இதற்கு அவர்கள் எழுதிக்கொடுக்கும் தீர்வில் பயிற்சி என்ற சொல்லே இல்லை. இருமல் மருந்தோடு வரும் சிறிய அளவுக் கப்பில் 8 மில்லியில் ஒரு கோடு. கேனுக்கு நிழல். மணிக்கு ஒருமுறை தொட்டி மாற்றி, மாற்றியதும் சோதனைத் தாள் நனைத்துப் பதிவேட்டில் ஒட்டுவது. வாசலுக்கு வெளியே கிடக்கும் தொட்டியை மேசை முனைக்கு நகர்த்துவது. முதல் நாள் முடிவில் முதலாளி கையில் கொடுக்கும் அந்த ஒற்றைத் தாள்தான் மூன்று நாளில் மிகவும் விலைபெறும் பொருள். அதில் பாதி வேலை பிளம்பருக்கு. ஒரு பயிற்சி நிறுவனம் பிளம்பரைக் கூப்பிடச் சொல்வதே நம்பிக்கை தரும் அறிகுறி.

கிலோ கணக்குக் கூலி

மூன்றாவது கேள்வி, அதாவது செய்தால் நஷ்டமா என்பது, நண்டுக் கம்பெனிகளில் எப்போதும் கூலியில்தான் போய் நிற்கும். சதை எடுப்பதற்குக் கூலி கிலோ கணக்கில் என்றால், மேசையை விட்டு எழும் ஒவ்வொரு நிமிடமும் பெண்ணின் கைக்காசு. கை கழுவ அரை மணிக்கு ஒருமுறை என்றால் ஏழு மணி நேர வேலையில் 14 முறை எழ வேண்டும். தொட்டி தூரத்தில் இருந்து, போய்வர ஒன்றரை நிமிடம் பிடித்தால் 21 நிமிடம். மணிக்கு ஒரு கிலோ எடுக்கிறவருக்கு அது 350 கிராம் கூலி. தொட்டி மேசை முனையில் இருந்து 40 விநாடியில் முடிந்தால் 9 நிமிடத்துக்குச் சற்று மேல், இழப்பு 150 கிராம் அளவுக்குக் குறைகிறது. கழுவச் சொல்லும் முதலாளியே கழுவாமல் இருப்பதற்குச் சன்மானமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதை இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

தட்டு விஷயத்தில் இவர்கள் காட்டும் வழி புத்திசாலித்தனமானது. சதை நிறைந்த தட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு, குவிந்த பிறகு ஒரே நடையாக எடைக்குக் கொண்டுபோவது பழக்கம். நடை மிச்சம் என்று கணக்கு. அதற்குள் அடியிலுள்ள சதை கூடத்தின் சூட்டுக்கு ஏறிவிடும். இவர்கள் சொல்வது: தராசை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வை, தராசுக்குப் போகும் வழியில் கைத் தொட்டியை வை, ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் எடைபோட மறுத்துவிடு. கூலி வேண்டுமென்றால் தராசுக்கு வந்தே ஆக வேண்டும். வரும் வழியில் தட்டு ஐஸுக்குப் போகிறது, திரும்பும் வழியில் கை தொட்டிக்குப் போகிறது. இதோடு பெண்களுக்கு ஒரு செய்தியையும் சொல்கிறார்கள்: காத்திருக்கும் சதையிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும், தாமதமாக எடைபோட்டால் குறைவது உங்கள் கிராம்தான். இது சுகாதாரப் பிரசங்கம் இல்லை, அவர்களுடைய கூலி சம்பந்தப்பட்ட தகவல். அதனால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கலைச் சேவை கண்டுகொள்ளவில்லை. எல்லாரும் அரை கிலோவில் வந்தால் தராசுக்கு முன் வரிசை நிற்கும். 60 பேர் உள்ள கூடத்துக்கு ஒரு தராசு போதாது. வரிசையில் நிற்கும் நேரம் கூலியைத் தின்றால் இரண்டாவது வாரம் பழைய பழக்கமே திரும்பும். இரண்டாவது தராசுக்கும் எடைபோட இன்னொரு ஆளுக்கும் முதலாளி தயாரா என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்தத் தாளில் இது இல்லை.

இரண்டாம் நாள்: மேசையிலேயே

வகுப்பு ஆறு பேருக்கு 20 நிமிடம். 60 பேர் என்றால் பத்து அணி. இரண்டு பயிற்சியாளர்கள் இரண்டு மேசையில் நின்றால் ஒரு மணி 40 நிமிடத்தில் முடிகிறது. 60 பேரையும் ஒரே வகுப்பில் மூன்று மணி நேரம் உட்காரவைத்தால் 180 மணி நேர வேலை போகும், இதில் 20 மணி நேரம்தான் போகிறது. அந்த 20 நிமிடத்துக்குக் கூலி உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காத கூடத்தில் பெண்களின் கண் பயிற்சியாளரிடம் இருக்காது, கடிகாரத்தில் இருக்கும்.

சொல்லிக்கொடுக்கும் விதம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களைச் சீக்கிரம் பழக்குவதற்காக உருவான நான்கு படி முறை: ஆளைத் தயார்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, பின்தொடர். பயிற்சியாளர் உண்மையான தட்டையும் உண்மையான நண்டையும் வைத்து முதலில் பேசாமல் செய்துகாட்டுகிறார். இரண்டாம் தடவை ஒவ்வொரு படியின் பெயரையும் சொல்கிறார். மூன்றாம் தடவை ஒவ்வொன்றும் ஏன் என்று சொல்கிறார். பிறகு ஒவ்வொரு பெண்ணும் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையில் சரியாக இருந்து வாயில் தடுமாறினால் இன்னும் ஒருமுறை.

தவறு நடக்கும் இடங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்துவதில் இவர்களுக்குக் கைப்பழக்கம் தெரிகிறது. கட்டைவிரலின் அடிப்பாகமும் விரல் இடுக்கும் விட்டுப்போவது எல்லாக் கூடத்திலும் நடப்பது. அதைவிடப் பெரிய தவறு, தொட்டியில் முக்கி எடுத்த கையை ஏப்ரனில் துடைப்பது. காலையிலிருந்து நண்டுத் தண்ணீர் தெறித்த ஏப்ரன் அது. துடைத்த நொடியில் கழுவியது எல்லாம் வீண். கையை உதறி, நீர் வடியவிட்டு, அப்படியே உட்காரச் சொல்கிறார்கள். அந்த ஒரு அசைவை மட்டும் ஒவ்வொருவரையும் மூன்று தடவை செய்யவைக்கிறார்கள். ஒளிரும் பொடியைக் கையில் தடவி நீல விளக்கில் காட்டும் வித்தையும் உண்டு. எல்லாரும் ரசிக்கிறார்கள், ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள். ஆனால் அதற்கே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. 20 நிமிடத்தில் ஐந்தைக் கொடுக்கும் அளவுக்கு அதில் சாரம் இல்லை.

ஐந்து செயல்களில் உண்மையாகவே பயிற்சி கேட்பது ஓட்டுத் துணுக்கு ஒன்றுதான். அது அறிவு இல்லை, விரலின் பழக்கம். லம்ப் என்று சொல்லும் பெரிய சதைத் துண்டை உடைக்காமல் அதற்குள் கிடக்கும் மெல்லிய துணுக்கை உணர வேண்டும். அழுத்தித் தடவினால் சதை உடைந்து தரம் இறங்கும், லேசாகத் தடவினால் துணுக்கு தப்பும். இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பயிற்சி மூன்று நாளிலும் சிறந்தது. 250 கிராம் சதையில் எண்ணிப்போட்ட பத்துத் துணுக்கு. கண்டுபிடித்ததைத் தனித் தட்டில் வைக்க வேண்டும். முடிந்ததும் அங்கேயே எண்ணி, விட்டுப்போனது எந்த இடத்தில் என்று காட்டிவிடுகிறார்கள். இரண்டாவது சுற்று உடனே. தப்பு எங்கே என்று அந்த நிமிடமே தெரிவதால் விரல் திருந்துகிறது. மாலையில் தரம் பார்க்கும் க்யூசி வந்து “உன் டப்பாவில் ஓடு” என்று சொன்னால் எந்தத் தட்டு, எந்த நிமிடம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரு எச்சரிக்கை: பயிற்சிக்கு எடுத்த சதை மறுபடி உற்பத்திக்குப் போகக் கூடாது. தனி நிறத் தட்டில் வைத்து முடிவில் கழிவில் கொட்டிவிட வேண்டும். இதை அவர்கள் தாங்களாகச் சொல்வதில்லை.

காயம் பற்றிய பகுதி வாதத்துக்குரியது. ஓடு கீறாத விரல் நண்டுக் கூடத்தில் கிடையாது. காயத்தைச் சொன்னால் அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றால் யார் சொல்வார்கள்? மறைத்துவிட்டு வீட்டிலிருக்கும் களிம்பைத் தடவிக்கொண்டு வருவார்கள். கண்ணுக்குப் போடும் களிம்புகள் சிலவற்றில் குளோராம்பெனிகால் என்ற மருந்து உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி உணவில் அதற்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம். விரல் நுனிக் களிம்பு ஒரு கன்டெய்னரையே திருப்பி அனுப்பப் போதும். சேவை இதை நன்றாக விளக்குகிறது. காயம்பட்டவரை அன்றைக்குத் தட்டுக் கழுவவும் அட்டைப்பெட்டி மடிக்கவும் நாள் கூலிக்கு மாற்றிவிடுங்கள் என்று முதலாளிக்குப் பரிந்துரையும் செய்கிறது. ஆனால் முதலாளி சரி என்று சொல்லுமுன்பே பெண்களிடம் “காயம் பட்டா உடனே சொல்லுங்க” என்று பாடம் எடுத்துவிடுகிறது. கூடம் அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், நம்பிச் சொன்ன முதல் பெண் கூலி இழப்பாள். அதன்பின் அந்த மேசையில் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வரிசையை மாற்ற வேண்டும்: முதலில் கூலி முடிவு, பிறகு பாடம்.

சூப்பர்வைசருக்கு ஒரு மணி நேரம் போதாது

பயிற்சியாளர் போன மறுநாள் முதல் மேசையை நடத்துவது சூப்பர்வைசர். அவருக்கு இவர்கள் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு மணி நேரம், அதுவும் டீ நேரத்தை ஒட்டி. கற்ற பழக்கம் வேலையிடத்தில் நிலைப்பதற்கு மேலாளின் ஆதரவு ஒரு முக்கியக் காரணம் என்பதை பயிற்சி ஆய்வாளர்களான பால்ட்வினும் ஃபோர்டும் 1988-இலேயே எழுதிவிட்டார்கள். அரை நாளாவது தேவை.

உள்ள ஒரு மணி நேரத்தில் செய்வது நல்லதாகவே இருக்கிறது. தவறைப் பார்த்த முதல் பத்து விநாடியில் என்ன சொல்வது என்று வசனமாகப் பழக்குகிறார்கள். “எத்தனை தடவ சொல்றது உங்களுக்கு” என்பதற்குப் பதில் “தட்ட இங்க குடுங்கக்கா, கைய முக்கிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்”. இரண்டாவதில் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது, தட்டுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. வயதில் மூத்த பெண்களிடம் இருபத்தைந்து வயது க்யூசிப் பையன் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். விடுபட்டது என்னவென்றால், சரக்கு அதிகம் வந்து குவியும் நாளில் என்ன செய்வது என்ற ஒத்திகை. நண்டு வரத்து இங்கே சீராக இருப்பதில்லை. வரத்து கூடிய நாளில் அரை கிலோ விதியைத் தளர்த்து என்று மேலிருந்து வாய்ச்சொல் வரும். அன்றைக்கு சூப்பர்வைசர் யார் பக்கம் நிற்பார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றி இந்தப் பயிற்சியில் ஒரு சொல் கிடையாது.

மூன்றாம் நாள்

எல்லாரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். வெறுங்கையோடு வந்தவர்களும் இன்றைக்குப் புரொஜெக்டரை எடுத்துவிடுகிறார்கள்: 80 ஸ்லைடு. படங்களில் வெள்ளை டைல்ஸ் பதித்த ஏதோ பெரிய தொழிற்சாலை, இரண்டு கையிலும் கையுறை. தமிழ் “கரங்களைத் தூய்மை செய்க” வகை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் மூத்த பெண்களுக்கு அதில் ஒன்றுமில்லை. முடிவில் தேர்வு. “கை ஏன் கழுவ வேண்டும்?” என்பதற்கு நான்கு விடை கொடுத்தால் கூடத்துக்குள் வராதவர்கள்கூட சரியானதை எடுத்துவிடுவார்கள். அதன்பின் சிரித்த முகம், வாடிய முகம் போட்ட கருத்துப் படிவம். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தால் எல்லாம் சிரித்த முகம்தான்.

பயிற்சியின் பலனை நான்கு நிலையில் பார்க்கும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, தொழிலுக்கு என்ன கிடைத்தது. கருத்துப் படிவம் முதல் நிலை. தேர்வு இரண்டாவது. முதலாளி காசு கொடுப்பது மூன்றாவதற்கும் நான்காவதற்கும். அன்றைக்குத் தரும் சான்றிதழ் ஆடிட்டரிடம் காட்டத் தேவைப்படும் என்பது வாஸ்தவம்தான். அதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் ஃபோஸ்டாக் (FoSTaC) பயிற்சி இருக்கிறது. உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒரு பயிற்சி பெற்ற சூப்பர்வைசர் என்பது அதன் கணக்கு. காகிதம் அங்கே கிடைக்கும். அதற்காக இவர்களுக்கு ஒரு நாள் கட்டணமும் 60 பேர் கூலியும் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த நாளில் உருப்படியாக ஒன்று இருக்கிறது, அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டீ நேரத்தில் சூப்பர்வைசர் கேட்பதற்கான கேள்வி அட்டைகள். இரண்டாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று இடைவெளி விட்டுக் கேட்பதற்கு. கற்றது முதல் சில நாளிலேயே வேகமாக மறந்துபோகும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதித்து எழுதிவைத்தார். மறக்கும் தறுவாயில் நினைவுபடுத்திச் சொல்லவைத்தால் நிற்கும். அட்டைகளில் கேள்வி விதமும் நன்று: “மேசைல இருக்கீங்க, மக போன் பண்ணுது, எடுத்துப் பேசிட்டீங்க. தட்டுல கால் கிலோ இருக்கு. அடுத்து என்னக்கா பண்ணுவீங்க?” மனப்பாடத்தை ஒப்பிக்க முடியாத கேள்வி.

வாங்குவதென்றால்

காலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. கூடம் மந்தமாக இருக்கும், அப்போது பயிற்சியை முடித்துவிடலாம் என்று நினைப்பது இயல்பு. நண்டு குறைவாக வரும் நாளில் நிதானமாகக் கழுவ எல்லாராலும் முடியும். அப்போது எடுத்த எண்ணிக்கை சரக்கு குவியும் மாதத்துக்குப் பொருந்தாது. தடைக்காலத்தில் தொட்டி, தராசு, குழாய் வேலையை முடித்துக்கொண்டு, வரத்து சீரான ஒரு மாதத்தில் எண்ணிக்கையையும் மேசைப் பயிற்சியையும் வைத்துக்கொள்வது மேல்.

இதே ஆட்கள் கருவாட்டுத் தொழிலுக்கும் ஒரு பயிற்சி விற்கிறார்கள். அது வேண்டாம். மணலில் காயப்போடாதீர்கள் என்பதுதான் அதன் மொத்தச் சாரம். உயரத்தில் காயவைக்க வலைப் பந்தல் போட யார் காசு கொடுப்பது என்பதற்குப் பதில் இல்லை. நான்கு கேள்வியில் இரண்டாவதை அவர்களே அங்கே மறந்துவிட்டார்கள்.

கட்டணம் ஆள் கணக்கில் இல்லை, வந்துபோகும் நாள் கணக்கில். ஆகவே மூன்றாம் நாளை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக 15-ஆம் நாள் அரை நாளும் 60-ஆம் நாள் அரை நாளும் கேளுங்கள். பேசினால் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு வருகையிலும் முதல் நாள் எடுத்த அதே ஐந்து செயல், அதே இரண்டு பத்திக் கணக்கு. மேசைக்கு குறைந்தது 20 வாய்ப்பு, டீ முடிந்த பத்து நிமிடம் கட்டாயம் உள்ளே வர வேண்டும், எந்த நாள் என்று மேசைக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. ஆள் நிற்பதைப் பார்த்தே கை தொட்டிக்குப் போகும் என்பதால் முதல் கால் மணி நேரக் கணக்கைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். கூடவே டப்பாவில் கிடைத்த ஓட்டுத் துணுக்கின் எண்ணிக்கையையும், ஐஸுக்கு வரும்போது தட்டின் நடுச் சதை என்ன டிகிரி என்பதையும் வாரம் ஒருமுறை க்யூசி குறித்துவைக்கட்டும். தெர்மாமீட்டரை அதற்குமுன் ஐஸ் கூழில் நட்டு 0 காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பல கூடங்களில் அதிலேயே இரண்டு டிகிரி தப்பு இருக்கும். லேப் அறிக்கையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கிருமி எண்ணிக்கை தண்ணீர், ஐஸ், படகிலிருந்து வந்த சரக்கு எல்லாவற்றாலும் ஏறி இறங்கும், கை மாறியதா என்று தனியாகச் சொல்லாது.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம்: முதல் நாள் தாள் கைக்கு வந்ததும் ஒரு பங்கு, மேசைப் பயிற்சி முடிந்ததும் ஒரு பங்கு, 60-ஆம் நாள் எண்ணிக்கைத் தாளில் முதலாளியும் சூப்பர்வைசரும் கையெழுத்துப் போட்ட பிறகு மீதி.